பாட்டி கொட்டிய "ஊம்"

அன்புள்ள நேயர்களுக்கு என் வணக்கம்.

என்னுடைய 4 வயது முதல் 11 வயது வரை நான் தாத்தா பாட்டியோடு அவர்களுடைய வீட்டில் வாழ்ந்தேன். அப்பாவும் அம்மாவும் வேலையின் பொருட்டு வேறோர் இடத்தில் இருந்தார்கள். விடுமுறை நாட்களில் வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போவார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவளான தங்கையும் என்னோடு அங்கே இருந்தாள். கணக்குப் பார்த்தால் மொத்தம் ஏழு ஆண்டுகள்தான். ஆனால் அந்த ஏழு ஆண்டுகளில் நடந்தவற்றை என்னால் ஒரு நாள் முழுவதும் சொல்ல முடியும்; அதன் பிறகு பெற்றோரோடு வாழ்ந்த அடுத்த ஏழு ஆண்டுகளைச் சொல்லச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பெற்றோரும் என்னை அன்பாகவே வளர்த்தார்கள். அந்த வீட்டிலும் எனக்குக் குறையொன்றும் இல்லை. அப்படியிருக்க, தாத்தா பாட்டி வீட்டு நாட்கள் மட்டும் ஏன் இவ்வளவு தெளிவாக நிற்கின்றன என்ற கேள்வி நெடுங்காலமாக என்னை விடாமல் இருக்கிறது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் பிள்ளைகளிடம் இதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நினைவைப் பற்றி ஆராய்ந்தவர்கள் எழுதியவற்றைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேச இன்று வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி.

முதலில் அந்த வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த, மரப்பெட்டிக்குள் ஊசல் ஆடும் கடிகாரம். ஒரு முறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடும் வகையைச் சேர்ந்தது. தாத்தா எட்டாம் நாள் வரை பொறுக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் சாவி கொடுத்துவிடுவார். அதன் முகத்தில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று முட்களை ஓட்டும் சுருள்வில்லுக்கு. மற்றொன்று மணி அடிக்கும் சுருள்வில்லுக்கு. தாத்தா நாற்காலியில் ஏறி நின்று சாவியைத் திருப்ப, நான் கீழே நின்று எண்ண வேண்டும். தொடக்கத்தில் சாவி இலேசாகச் சுற்றும். வில் இறுக இறுக அதன் ஒலி கனத்துக்கொண்டே போகும். கடைசி இரண்டு சுற்றுகளில் தாத்தாவின் மணிக்கட்டு நடுங்கும். "எத்தனை?" என்பார். நான் எண்ணைச் சொல்வேன். அவருக்கு அது முன்பே தெரியும் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒரு நாள் மாலை, தாத்தாவும் பாட்டியும் பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதே நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டால் மணி அடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த ஓசையை மீண்டும் கேட்க வேண்டும் என்ற ஒரே ஆசைதான். முள்ளைச் சற்றுப் பின்னே தள்ளி, மறுபடியும் முன்னே கொண்டுவந்தேன். மணி அடித்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் அடித்தது. மூன்று முறையோடு நிறுத்திக்கொண்டு, முள்ளை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் நடக்காதது போல இறங்கிவிட்டேன்.

ஐந்து மணி ஆயிற்று. கடிகாரம் எட்டு அடித்தது.

தாத்தா அப்போது திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். அவர் அடிகளை எண்ணுவதை நான் பார்த்தேன். எண்ணும்போது அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போகும். எட்டில் நின்ற விரலை அப்படியே வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டு விழும் என்று நான் காத்திருந்தேன். அவர் எழுந்துவந்து என்னைத் தூக்கி நாற்காலியின் மேல் நிறுத்தினார். "முள் சரியாகத்தான் இருக்கிறது, கண்ணு. மணிக்குத்தான் எண்ணிக்கை தவறிவிட்டது. நாம் அதற்கு எடுத்துக்கொடுக்க வேண்டும்" என்றார்.

அந்தப் பழைய கடிகாரங்களின் உட்புறத்தைப் படம் இல்லாமல் விளக்குவது கடினம். ஆகையால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவற்றில் பலவற்றில் மணி அடிக்கும் பகுதிக்கு முட்கள் எங்கே நிற்கின்றன என்பது தெரியாது. கடைசியாக எத்தனை அடித்தோமோ அதற்கு அடுத்த எண்ணை அடிப்பது மட்டுமே அதன் வேலை. நாலுக்கு அடுத்து ஐந்து அடிக்க வேண்டிய மணியை நான் மூன்று முறை வீணாக அடிக்கவைத்துவிட்டேன். அதனால் ஐந்து மணிக்கு அது எட்டுக்குப் போய்விட்டது. மணியைப் பின்னோக்கி அடிக்கவைக்க வழியில்லை. எட்டு அடித்த மணி மறுபடியும் ஐந்துக்கு வர வேண்டுமானால், அது ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று போய், ஒன்றில் தொடங்கி ஐந்து வரை அடித்தாக வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியது நான் செய்த அதே காரியந்தான்: முள்ளைச் சற்றுப் பின்னே கொண்டுபோய் முன்னே கொண்டுவருவது. தாத்தா தம் கையை என் கையின் மேல் வைத்து ஒன்பது முறை அதைச் செய்யவைத்தார். எல்லாக் கடிகாரங்களிலும் இப்படிச் செய்யக் கூடாது, சிலவற்றில் உள்ளே பழுதாகிவிடும் என்பதை இதைக் கேட்கும் பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஒன்பது முறையும் சேர்த்து மணி 57 அடித்தது. நாங்கள் இருவரும் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணினோம். முடிந்ததும், "ஒன்று முதல் பன்னிரண்டு வரை அடித்தால் மொத்தம் எத்தனை அடி?" என்று கேட்டார். அதற்கு விடை 78. ஒரு நாளுக்கு 156. அந்த விடையைக் கண்டுபிடிக்க எனக்கு மறுநாள் மாலை வரை ஆயிற்று. அதுவரை அவர் விடையைச் சொல்லவில்லை.

நேயர்களே, இந்த நிகழ்ச்சியை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் கடிகாரம் அன்று. அன்றிரவு நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

பாட்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, "இன்றைக்கு என்ன நடந்தது, சொல்" என்பார். பாட்டி கதை சொல்லப் பேரப்பிள்ளைகள் "ஊம்" கொட்டுவார்கள் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டில் பெரும்பாலான இரவுகளில் அது தலைகீழாக நடந்தது: நாங்கள் சொல்வோம், பாட்டி "ஊம்" கொட்டுவார். அன்று நான் கடிகாரத்தின் கதையைச் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து வந்ததும் அவர் அதை நேரில் பார்த்திருந்தார். இருந்தும் எதுவும் தெரியாதவர் போலக் கேட்டார். "ஊம். நாற்காலியை எங்கிருந்து இழுத்தாய்?" "ஊம். எட்டு அடித்தபோது உனக்கு வயிற்றில் என்ன செய்தது?" "தாத்தாவின் கை சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா?" "அப்புறம்?" அந்த "அப்புறம்" என்ற சொல்லை அவர் சொல்லும்போது, உலகத்தில் இதைவிட முக்கியமான செய்தி வேறொன்றும் இல்லை என்பது போல இருக்கும். தாத்தாவின் கை குளிர்ந்திருந்தது என்பது இன்றும் எனக்குத் தெரியும். அன்றிரவு பாட்டி கேட்டிராவிட்டால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

இது வெறும் பாசத்தால் நான் சொல்வது அன்று. மனிதர்களுடைய மிக முந்தைய நினைவு எந்த வயதைச் சேர்ந்தது என்று உளவியலாளர்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த கரோலின் மைல்ஸ் 1893ஆம் ஆண்டிலேயே வினாத்தாள் கொடுத்துக் கேட்டார். சராசரியாகச் சுமார் மூன்று வயது என்ற விடை கிடைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகளும் மூன்று, மூன்றரை வயதை ஒட்டியே நிற்கின்றன. அதற்கு முந்தியவை ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடுகின்றன; அதற்குப் பிந்திய சில ஆண்டுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சுகின்றன.

ஆனால் அந்த நினைவுகள் எப்போது மறைகின்றன? இதற்கான விடையைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாட்ரிஷியா பாவரும் மரீனா லார்கினாவும் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைகள் தங்களுக்கு அண்மையில் நடந்தவற்றைத் தாயோடு பேசுவதை அவர்கள் பதிவுசெய்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகளுள் சிலரை ஐந்து வயதில், சிலரை ஆறில், சிலரை ஏழில், இப்படி ஒன்பது வயது வரை தனித்தனியாக அழைத்து, அதே நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை நினைவில் வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் அது 40 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. ஆக, மூன்று வயதில் நடந்தது ஆறு வயதுப் பிள்ளைக்கு இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளை எட்டு வயதைத் தாண்டும்போதுதான் அதில் பெரும்பகுதி கைநழுவிப் போகிறது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதைத்தான் நான் போகுமிடமெல்லாம் சொல்லிவருகிறேன். பேச்சைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளாமல், "இன்னும் சொல்", "அப்புறம் என்ன நடந்தது" என்று பிள்ளையிடமே அதைத் திருப்பிக்கொடுத்த தாய்மாருடைய பிள்ளைகள், பின்னாளில் அதே நிகழ்ச்சிகளை விரிவாகச் சொன்னார்கள். "அப்புறம்" என்ற அந்தச் சொல்தான், நேயர்களே. என் பாட்டி எந்த ஆய்வையும் படித்தவரல்லர். விளக்கை அணைத்த பிறகு அவர் கேட்ட சொல் அதுதான்.

எலேன் ரீஸ், ராபின் ஃபிவுஷ் முதலிய ஆய்வாளர்களும் வேறு வேறு வழிகளில் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். நடந்ததைப் பெரியவர்கள் பிள்ளையோடு சேர்ந்து விரித்துப் பேசும் வீடுகளில் பிள்ளையின் நினைவு வளமாக வளர்கிறது. ஒரு வார்த்தைக் கேள்வி கேட்டு ஒரு வார்த்தை விடை வாங்கும் வீடுகளில் அவ்வளவு வளர்வதில்லை. "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் பிள்ளை "ஆம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். "நாற்காலியை எங்கிருந்து இழுத்தாய்?" என்று கேட்டால் அந்தக் கூடம் முழுவதும் திரும்பி வரும். தாத்தா கடிகாரத்துக்கு எடுத்துக்கொடுத்தார். பாட்டி எனக்கு எடுத்துக்கொடுத்தார்.

தாய்தந்தையரும் இதைச் செய்யலாமே என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேலைக்குப் போய்வரும் பெற்றோருக்கு இரவு என்பது மறுநாளைக்கு ஆயத்தமாகும் நேரம். தாத்தா பாட்டிக்கு இரவு என்பது கடந்துபோன நாளைத் திரும்பிப் பார்க்கும் நேரம். அவர்களுக்கு அந்த நேரம் இருந்தது. அதை அவர்கள் எங்களுக்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் எங்களிடம் கேட்டதைச் சொன்னேன். அவர்கள் எங்களுக்குச் சொன்னதையும் சொல்ல வேண்டும். என் தாத்தா ஒரே கதையைப் பல முறை சொல்வார். தாம் இளைஞராக முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த நாளன்று, காலில் புதுச் செருப்புக் கடித்ததால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, வாசலில் வந்து மாட்டிக்கொண்டு உள்ளே போன கதை அது. நூறு முறையாவது கேட்டிருப்பேன். எந்த இடத்தில் அவர் நிறுத்துவார், எந்த இடத்தில் இருமுவார் என்பது கூட எனக்குத் தெரியும். முதியவர்கள் பழையதையே பேசுவது மனம் தளர்வதன் அடையாளம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே கருதினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் அதை மறுத்து எழுதினார். வாழ்நாளின் பிற்பகுதியில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை எடுத்துவைத்துத் திரும்பப் பார்ப்பது இயல்பானது, அது அவர்களுக்குத் தேவையானது என்பது அவருடைய கருத்து. அந்தக் கட்டுரை வெளிவந்த பிறகு முதியவர்களின் பேச்சைக் கேட்கும் முறையே மாறியது என்று சொல்வார்கள்.

இன்னொன்றும் கண்டறியப்பட்டிருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், ஏறக்குறைய 10 வயதுக்கும் 30 வயதுக்கும் இடைப்பட்ட காலத்தைச் சேர்ந்தவையே மிகுதியாக வருகின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் தாத்தா பாட்டியின் கதைகளை எண்ணிப் பார்த்தேன். எங்களுக்குக் கதை சொன்னவர்கள் முதியவர்கள். ஆனால் அந்தக் கதைகளுக்குள் இருந்தவர்கள் பதினெட்டு வயது இளைஞரும் பதினாறு வயதுப் பெண்ணும். நரைத்த தலையோடு எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் புதுச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் பையனாகவும் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லியாக வேண்டிய வயது அவர்களுக்கு. கேட்டாக வேண்டிய வயது எங்களுக்கு. இந்த இரண்டு தேவைகளும் ஒரே கூரையின் கீழ் ஏழு ஆண்டுகள் இருந்தன என்பதே என் கேள்விக்கு நான் கண்ட விடை. கேட்க ஆள் இருந்தது, நேயர்களே. இரண்டு பக்கமும் கேட்க ஆள் இருந்தது.

குடும்பக் கதைகள் பிள்ளைகளுக்கு என்ன செய்கின்றன என்பதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். முன்பு சொன்ன ராபின் ஃபிவுஷும் மார்ஷல் டியூக்கும் எமரி பல்கலைக்கழகத்தில் 20 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை உருவாக்கினார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்று தெரியுமா, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்துக்கொண்டார்கள் என்று தெரியுமா என்பன போன்ற கேள்விகள் அவை. விடை தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும், துன்பம் வந்தால் தாங்கும் திறமும் கூடுதலாக இருந்தன. இந்த ஆய்வுக்கு வித்திட்டவர் டியூக்கின் மனைவி சாரா. கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பணியாற்றிய அவர், தங்கள் குடும்பத்தைப் பற்றி அறிந்த பிள்ளைகள் இடர்ப்பாடுகளை நன்றாக எதிர்கொள்வதை முதலில் கவனித்தார். விடைகள் மட்டும் பயன் தருவன அல்ல. பட்டியலை மனப்பாடம் செய்வித்தால் ஒன்றும் நடக்காது. விடை தெரிகிறது என்றால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார், பிள்ளை உட்கார்ந்து கேட்டிருக்கிறது என்று பொருள்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடிகாரக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் என் தங்கை ஒரு திருத்தம் சொல்வாள். நான் ஏறியபோது நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டவள் தானே என்பாள். என் நினைவிலோ அவள் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறாள். எங்களுள் யார் நினைவு சரி என்று சொல்ல இன்று யாரும் இல்லை. நினைவுகூர்தல் என்பது பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பது அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்புவது என்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே எடுத்துக்காட்டினார். பாட்டி கேட்ட கேள்விகளும் என் நினைவைக் கட்டிய கற்களுள் அடங்கும். தாத்தாவின் குளிர்ந்த கை என்னுடைய நினைவா, அந்தக் கேள்வி எனக்குள் உண்டாக்கியதா என்று என்னால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டும் என்ற ஆசையும் இப்போது எனக்கு இல்லை.

வாசனையைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்தேன். கடிகாரத்தில் நேரம் போய்விட்டது, இரண்டு நிமிடமே இருப்பதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து காட்டுகிறார்கள். ஆகையால் சுருக்கிச் சொல்கிறேன். மணத்தை உணரும் நரம்புகளின் பாதை, மூளையில் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு மிக அருகில் செல்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த வில்லாண்டரும் லார்சனும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முதியவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் காட்டியபோது பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்திய நினைவுகள் வந்தன. மணங்களை முகரக் கொடுத்தபோது பத்து வயதுக்கு முந்தியவை வந்தன.

தாத்தாவின் மூக்குக் கண்ணாடிக் கூடு என்னிடம் இருக்கிறது. தோலால் ஆனது, மூடும்போது "டப்" என்று ஒலிக்கும். வீடு மாறியபோது ஒரு பெட்டிக்குள் போனது, பல ஆண்டுகள் திறக்கவில்லை. சென்ற மாதம் வேறு எதையோ தேடும்போது கைக்கு வந்தது. திறந்தேன். தோல் வாசனையும், கடிகாரத்துக்குப் போடும் எண்ணெயின் வாசனையும் கலந்து வந்தன. கூட்டின் மூலையில் ஒரு சின்னத் துணியை மடித்து அவர் வைத்திருந்ததும், சாவி கொடுத்து முடித்த பின் அந்தத் துணியாலேயே விரல்களைத் துடைத்துக்கொள்வார் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அந்தக் கணம் வரை அது எனக்கு மறந்தே போயிருந்தது. அன்றிரவு தங்கையைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். கூட்டை எங்கே கண்டெடுத்தேன் என்பதில் தொடங்கி மெல்ல மெல்லச் சொல்லிக்கொண்டு போனேன். அவள் நடுவில் ஒரு சொல்லும் திருத்தவில்லை. நான் நிறுத்திய இடங்களிலெல்லாம் மறுமுனையிலிருந்து "ஊம்" என்றாள்.

நன்றி. வணக்கம்.